பட்டதாரி ஆசிரியர் பணிக்கு விண்ணப்பித்தல்: தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்ற பிறகு என்ன செய்ய வேண்டும்?

மரத்தடி:

அனைவருக்கும் வணக்கம். நான் கணிதத்தில் இளநிலைப் பட்டமும் பி.எட். பட்டமும் பெற்று, ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் கணிதம் கற்பித்து வருகிறேன். ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் தேர்ச்சி பெற்றுவிட்டேன். தேர்ச்சிச் சான்றிதழ் கையில் இருப்பதால் அரசே அழைத்துப் பணி கொடுத்துவிடும் என்று என் வீட்டில் உறுதியாக நம்புகிறார்கள். ஆனால் உடன் பணியாற்றும் ஒருவர், இன்னொரு தேர்வு இருக்கிறது, அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும் என்கிறார். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியிலும், கல்லூரியில் ஆங்கிலவழியிலும், பி.எட். மீண்டும் தமிழ்வழியிலும் படித்தேன். தமிழ்வழி ஒதுக்கீடு எனக்குக் கிடைக்குமா? பி.எட். முடித்தவர்கள் முதல் தாளும் எழுதி, ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கான இடைநிலை ஆசிரியர் ஆகலாம் என்று சிலர் சொல்வது உண்மையா? அறிவிப்பு வருவதற்குள் என்னென்ன ஆவணங்களைத் தயார் செய்ய வேண்டும் என்பதையும் அனுபவம் உள்ளவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

ஏட்டுச்சுவடி:

வாழ்த்துகள், சகோதரி. உங்கள் உடன் பணியாற்றுபவர் சொல்வதுதான் சரி. தகுதித் தேர்வு என்பது விண்ணப்பிக்கும் உரிமையைத் தருகிறது, பணியைத் தருவதில்லை. 2018 ஜூலையில் வெளியான அரசாணை 149-க்குப் பிறகு, தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்றவர்களுக்கெனத் தனியாக ஒரு போட்டித் தேர்வு நடத்தி, அந்த மதிப்பெண்ணையும் இனச்சுழற்சியையும் (வகுப்புவாரி ஒதுக்கீட்டு வரிசையையும்) கொண்டே பணி நாடுநர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பட்டதாரி ஆசிரியர், வட்டார வள மைய ஆசிரியப் பயிற்றுநர் பணியிடங்களுக்கு 2023 அக்டோபரில் 2222 இடங்களுடன் அறிவிப்பு வந்து, 2024 பிப்ரவரி 4 அன்று தேர்வு நடந்தது. அந்த வழியில்தான் நானும் பணிக்கு வந்தேன்.

இந்தத் தேர்வு தகுதித் தேர்வைப் போன்றது அன்று. தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் குழந்தை மேம்பாடு, தமிழ், ஆங்கிலம் ஆகியவற்றுக்குத் தலா 30 மதிப்பெண்ணும், கணிதம், அறிவியல் இரண்டுக்கும் சேர்த்து 60 மதிப்பெண்ணும் இருந்ததால், கணிதத்தில் சற்றுத் தடுமாறினாலும் மற்ற பகுதிகளில் ஈடுகட்ட முடிந்தது. போட்டித் தேர்வில் 150 வினாக்களும் உங்கள் பாடத்திலிருந்தே வருகின்றன. அதுவும் பட்டப்படிப்பு நிலையில். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான பாடநூல்களை மட்டும் திரும்பத் திரும்பப் படித்துத் தகுதித் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்ற பலர் இங்கே திணறியதை நேரில் பார்த்தேன். இயற்கணிதம், மெய்ப்பகுப்பாய்வு, வகைக்கெழுச் சமன்பாடுகள் என்று கல்லூரிப் புத்தகங்களைத் தூசி தட்டி எடுக்க வேண்டியிருக்கும்.

இதற்கு முன்பாகக் கட்டாயத் தமிழ் மொழித் தகுதித் தேர்வு ஒன்று உண்டு. 30 வினாக்கள், 50 மதிப்பெண்கள், அரை மணி நேரம். அதில் 20 மதிப்பெண் பெறாவிட்டால் உங்கள் பாடத் தேர்வின் விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். அந்த மதிப்பெண் தரவரிசையில் சேராது என்பதால் பலர் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள்.

ஓய்வுத் தலைமையாசிரியர்:

அம்மா, உங்கள் கேள்விகளில் முதல் தாள் பற்றியதை முதலில் முடித்துவிடுகிறேன். 2018-இல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம், பி.எட். முடித்தவர்கள் ஆறு மாத இணைப்புப் பயிற்சி பெறும் நிபந்தனையுடன் ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கும் கற்பிக்கலாம் என்று அறிவித்தது. அந்த அறிவிப்பு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டு 11 அன்று தீர்ப்பளித்துவிட்டது. சிறு குழந்தைகளுக்குக் கற்பிக்கத் தனிப் பயிற்சி வேண்டும், அந்தப் பயிற்சி தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பில்தான் கிடைக்கிறது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். எனவே இடைநிலை ஆசிரியர் பணிக்கு அந்தப் பட்டயம் வேண்டும், பி.எட். அதற்கு மாற்று ஆகாது. என்னைக் கேட்டால் அது சரியான தீர்ப்பு. ஒன்றாம் வகுப்பில் எழுத்தறிவிப்பதும் ஒன்பதாம் வகுப்பில் தேற்றம் நிறுவுவதும் வெவ்வேறு தொழில்கள் என்றே முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பள்ளிகளில் கண்டிருக்கிறேன்.

தமிழ்வழி ஒதுக்கீட்டைப் பொறுத்தவரை, உங்களுக்குப் பட்டதாரி ஆசிரியர் பணியில் அது பொருந்தாது. 2010-ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை அளித்தது. தொடக்கத்தில், பணிக்குரிய இறுதிக் கல்வித் தகுதியை மட்டும் தமிழ்வழியில் பெற்றிருந்தாலே போதும் என்ற நிலை இருந்ததால், பள்ளிப் படிப்பு முழுவதையும் ஆங்கிலவழியில் முடித்தவர்களும் அந்த இடங்களைப் பெற்றார்கள். அதைத் தடுக்கவே 2020-இல் சட்டத்தைத் திருத்தி, பள்ளிக்கல்வி தொட்டு அந்தப் பணிக்கு வகுக்கப்பட்ட தகுதி வரை ஒவ்வொரு படியும் தமிழ்வழியில் இருக்க வேண்டும் என்றார்கள். உங்களுக்கு இளநிலைப் பட்டம் ஆங்கிலவழி என்பதால் சங்கிலி அங்கே அறுந்துவிடுகிறது. விண்ணப்பத்தில் ‘ஆம்’ என்று குறித்துவிட்டால், சான்றிதழ் சரிபார்ப்பின்போது அந்தப் படிநிலைக்கான சான்றைக் கேட்பார்கள்; உங்களால் கொடுக்க முடியாது. கோராமல் விடுவதே நல்லது.

தொடக்கநிலை:

ஐயா குறிப்பிட்டதை ஒட்டி என் நிலையைக் கேட்கிறேன். நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்து, பட்டயப் படிப்பையும் தமிழ்வழியில் முடித்தேன். பிறகு தொலைநிலைக் கல்வியில் ஆங்கில இலக்கியம் படித்தேன். இடைநிலை ஆசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கும்போது அந்தப் பட்டம் என் தமிழ்வழி ஒதுக்கீட்டைப் பாதிக்குமா?

ஓய்வுத் தலைமையாசிரியர்:

பாதிக்காது. இடைநிலை ஆசிரியர் பணிக்கு வகுக்கப்பட்ட தகுதி பன்னிரண்டாம் வகுப்பும் பட்டயமும்தான். அதற்கு மேற்பட்ட படிப்பு கணக்கில் வராது. ஆனால் ஒன்றாம் வகுப்பிலிருந்தே சான்று வேண்டும். ஐந்தாம் வகுப்பு வரை ஒரு பள்ளி, எட்டு வரை வேறொன்று, பத்துக்குப் பிறகு மற்றொன்று என்று படித்திருந்தால் ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் உரிய படிவத்தில் தலைமையாசிரியர் கையொப்பத்துடன் வாங்க வேண்டும். நான் பணியில் இருந்தபோது, அறிவிப்பு வெளியான வாரங்களில் இந்தச் சான்றுக்காக வருவோர் அலுவலக அறை வாசலில் வரிசையாக நிற்பார்கள். பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தேடி எடுத்து, பயிற்றுமொழியைச் சரிபார்த்து எழுத நேரமாகும். படித்த பள்ளி மூடப்பட்டிருந்தாலோ வேறு பள்ளியுடன் இணைக்கப்பட்டிருந்தாலோ பதிவேடு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்கே கல்வி அலுவலகத்துக்கு நடக்க வேண்டியிருக்கும். அறிவிப்புக்குக் காத்திராமல் இப்போதே தொடங்குங்கள்.

காத்திருப்பு2013:

தேர்வு முறையைப் பற்றி எல்லோரும் இயல்பான ஒன்றைப் போலப் பேசுவதால் சிலவற்றைப் பதிவு செய்ய விரும்புகிறேன். நான் 2013 ஆகஸ்டில் நடந்த தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்றவன். அதற்கு முன்பு வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பின்படி பணி கொடுத்து வந்தார்கள். கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்து, அவ்வாண்டு ஆகஸ்டில் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் தகுதித் தேர்வைக் கட்டாயமாக்கியதும் மூப்பு மதிப்பிழந்தது. அடுத்து வெயிட்டேஜ் முறை வந்தது. 2014 மே மாத அரசாணை 71-இன்படி பட்டதாரி ஆசிரியருக்குத் தகுதித் தேர்வுக்கு 60, பட்டத்துக்கு 15, பி.எட்.-க்கு 15, பன்னிரண்டாம் வகுப்புக்கு 10 என்று மதிப்பெண் பிரித்தார்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவனுக்கு அன்று கிடைத்த மதிப்பெண்ணையும், மதிப்பெண்கள் தாராளமாகிவிட்ட காலத்தில் படித்தவர்களின் மதிப்பெண்ணையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தார்கள். 2016 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த முறை செல்லும் என்றது. பிறகு 2018-இல் அரசே அதைக் கைவிட்டு, மீண்டும் ஒரு தேர்வு எழுதச் சொன்னது.

ஒருவன் விதியைப் பின்பற்றித் தேர்ச்சி பெற்ற பிறகு விதியையே மாற்றிக்கொண்டிருந்தால் அவன் எதைத்தான் நம்பித் தயாராவது? தகுதித் தேர்வே ஒரு வடிகட்டல்தான். அதில் தேறியவர்களை ஆண்டு வாரியாக, முதலில் தேறியவருக்கு முதலில் என்று பணியமர்த்துவதுதான் நியாயம் என்பது என் நிலைப்பாடு.

ஏட்டுச்சுவடி:

உங்கள் வருத்தத்தில் உண்மை இருக்கிறது, அண்ணா. ஆனால் ஆண்டு வாரியாக என்னும் தீர்வில் எனக்கு ஒப்புதல் இல்லை. தகுதித் தேர்வுச் சான்றிதழ் முன்பு ஏழு ஆண்டுகளுக்கு மட்டும் செல்லத்தக்கதாக இருந்து, 2021-இல் ஆயுள் முழுவதும் செல்லும் என்று ஆக்கப்பட்டது. இந்த நிலையில் தேர்ச்சி ஆண்டின்படி வரிசை வைத்தால், அது பழைய பதிவு மூப்பாகவே மாறும். புதிதாகப் படித்து முடிக்கும் ஒரு தலைமுறைக்கு வாசல் அடைபடும். வெயிட்டேஜ் முறையில் இருந்த குறை என்னவென்றால், பதினேழு வயதில் பெற்ற மதிப்பெண்ணை ஒருவரால் பின்னாளில் எவ்வளவு உழைத்தும் மாற்ற முடியாது. போட்டித் தேர்வில் அந்தக் குறை இல்லை. இன்றைக்குப் படித்தால் இன்றைக்குப் பலன் உண்டு. வயது வரம்பையும் பொதுப் பிரிவினருக்கு 53, ஏனையோருக்கு 58 என்று உயர்த்தியிருப்பதால், 2013-இல் தேறியவர்களில் பெரும்பாலோர் இன்னும் எழுத முடியும்.

காத்திருப்பு2013:

எழுத முடியும் என்பதும், வேலை பார்த்துக்கொண்டு, பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டு, இருபத்து நான்கு வயதினருடன் மெய்ப்பகுப்பாய்வில் போட்டியிட முடியும் என்பதும் ஒன்றல்ல, தம்பி. அந்த 58 வயதுக்கு என்ன பொருள் என்று எனக்கு விளங்கவில்லை. ஓய்வு பெறும் வயதே 60. ஆயினும் நான் விண்ணப்பிக்கத்தான் போகிறேன். கேள்வி கேட்ட சகோதரிக்கு ஒன்று சொல்கிறேன்: அறிவிப்பு எப்போது வரும் என்பதை வைத்து வாழ்க்கையைத் திட்டமிடாதீர்கள். தகுதித் தேர்வே 2013, 2017, 2019 என்று இடைவெளி விட்டுத்தான் நடந்திருக்கிறது. 2022-ஆம் ஆண்டு அறிவிப்புக்கு முதல் தாள் அந்த அக்டோபரிலும் இரண்டாம் தாள் 2023 பிப்ரவரியிலும் நடந்தன; அதன் பிறகு 2025 நவம்பர் 15, 16-இல் நடந்தது.

முதுகலை வேதியியல்:

மரத்தடி அவர்கள் முதுகலையும் படித்திருந்தால் முதுகலை ஆசிரியர் தேர்வையும் கவனத்தில் கொள்ளலாம். அது பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கானது என்பதால் தகுதித் தேர்வு தேவையில்லை. 150 மதிப்பெண்ணில் பாடத்துக்கு 110, கல்வியியலுக்கு 30, பொது அறிவுக்கு 10. 2025-இல் 1996 பணியிடங்களுக்கு அறிவிப்பு வந்து அக்டோபர் 12 அன்று தேர்வு நடந்தது. அதிலும் தமிழ்த் தகுதித் தாள் உண்டு. முதன்மைப் பாடத்தில் நன்றாக எழுதிய பலருடைய விடைத்தாள் அந்த ஒரு தாளால் திருத்தப்படாமல் போனது. பத்தாம் வகுப்புத் தரம்தானே என்று நினைக்கிறோம். ஆனால் இலக்கணத்தை விட்டு ஆண்டுகள் பல ஆனவர்களுக்குப் புணர்ச்சி விதியும் அணியும் அரை மணி நேரத்தில் நினைவுக்கு வந்துவிடுவதில்லை.

ஒரு நிபந்தனையை மட்டும் மறக்க வேண்டாம்: இளநிலையிலும் முதுகலையிலும் ஒரே பாடமோ, இணையான பாடமோ இருக்க வேண்டும்.

மரத்தடி:

அனைவருக்கும் நன்றி. ‘இணையான பாடம்’ என்றதும் எனக்கு ஒரு அச்சம் வந்துவிட்டது. என் பட்டச் சான்றிதழில் வெறும் கணிதம் என்று இல்லாமல் ‘கணினிப் பயன்பாடுகளுடன் கூடிய கணிதம்’ என்று அச்சிடப்பட்டிருக்கிறது. இதனால் சிக்கல் வருமா? மற்றொன்று, என் சாதிச் சான்றிதழைத் திருமணத்துக்குப் பிறகு புதிதாக வாங்கியபோது கணவர் பெயரைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

ஓய்வுத் தலைமையாசிரியர்:

இரண்டையும் இப்போதே கேட்டது நல்லதாயிற்று. பட்டத்தின் பெயர் வேறாக இருந்தால் அது எந்தப் பாடத்துக்கு இணை என்று உயர்கல்வித் துறை வெளியிட்ட அரசாணையைத்தான் ஏற்பார்கள். பல்கலைக்கழகம் ‘இணையானது’ என்று எழுதிக் கொடுக்கும் கடிதம் மட்டும் போதாது. இணைத்தன்மைக் குழு பரிந்துரைத்து, துறை ஆணை பிறப்பிக்கிறது. ஒவ்வொரு ஆணையிலும் எந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் பட்டம் என்று குறிப்பிட்டிருப்பார்கள். உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயர், பட்டத்தின் பெயர் இரண்டும் எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகிற ஆணையைத் தேடி, நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்படியொன்று இல்லையென்றால், படித்த பாடத்திட்டத்துடன் பல்கலைக்கழகம் வழியாக விண்ணப்பித்து ஆணை பெற வேண்டும். அதற்கு மாதங்கள் ஆகலாம்.

சாதிச் சான்றிதழ் தந்தை பெயரில்தான் இருக்க வேண்டும். கணவர் பெயரில் உள்ளதை ஏற்கமாட்டார்கள். பழைய அட்டைச் சான்றிதழ் இருந்தால் தேடி எடுங்கள். இல்லையேல் தந்தை பெயரில் புதிதாக விண்ணப்பியுங்கள். உரிய சான்று இல்லாவிட்டால் உங்கள் வகுப்புக்குரிய ஒதுக்கீட்டைக் கோர முடியாமல் பொதுப் போட்டியில் மட்டுமே நிற்க வேண்டியிருக்கும். மொத்த இடங்களில் 69 விழுக்காடு ஒதுக்கீட்டில் இருக்கிறது. எஞ்சிய 31 எல்லா வகுப்பினருக்கும் பொதுவானது. தரவரிசையில் மேலே இருப்பவர் எந்த வகுப்பினராயினும் அந்த 31-இல் இடம் பெறுவார். அவரைத் தம் வகுப்பு ஒதுக்கீட்டில் கணக்கிடமாட்டார்கள்.

கல்வித் தகுதிக்கு ஒரு கெடு நாள் உண்டு என்பதையும் கவனியுங்கள். போட்டித் தேர்வு அறிவிப்பு வெளியாகும் நாளில் அல்லது அதற்கு முன் எல்லாத் தகுதிகளையும் பெற்றிருக்க வேண்டும். பி.எட். முடிவு மறுநாள் வந்தது, சரிபார்ப்புக்குள் வந்துவிட்டது என்பவையெல்லாம் செல்லாது. தகுதித் தேர்வுக்கு இறுதியாண்டு மாணவர்களும் விண்ணப்பிக்கலாம் என்பதைப் பார்த்துவிட்டு, இதற்கும் அப்படியே என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

ஏட்டுச்சுவடி:

இணையத்தில் விண்ணப்பத்தை நிரப்பும்போது கவனிக்க வேண்டிய சிலவற்றையும் சேர்க்கிறேன். கணினி மையத்தில் யாரோ ஒருவரிடம் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டு வெளியே நிற்காதீர்கள். பிறந்த நாள், பெயர், முன்னெழுத்து, இனம், பாடம் ஆகியவற்றைப் பத்தாம் வகுப்புச் சான்றிதழை அருகில் வைத்துக்கொண்டு நீங்களே சரிபாருங்கள். மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் உங்களுடையவையாகவே இருக்கட்டும். நுழைவுச்சீட்டு முதல் சரிபார்ப்பு அழைப்பு வரை எல்லாம் அவற்றைச் சார்ந்தே நடக்கின்றன. அண்மைய தேர்வுகளில் கட்டணம் 600 ரூபாயாகவும், பட்டியல் வகுப்பினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு 300 ரூபாயாகவும் இருந்தது.

தேர்வு முடிந்த சில நாள்களில் உத்தேச விடைக்குறிப்பு வரும். உங்கள் விடை சரி, தேர்வை நடத்தும் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் விடை தவறு என்று கருதினால் குறித்த நாள்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஆனால் ஆதாரமாகத் தரமான பாடநூல்களைத்தான் ஏற்பார்கள். பயிற்சி மையக் குறிப்பேடுகளையும் வழிகாட்டி நூல்களையும் புறக்கணித்துவிடுவார்கள். ஒரு மதிப்பெண்ணில் நூற்றுக்கணக்கானோர் நிற்கும் தேர்வில் ஓர் ஆட்சேபம் தரவரிசையையே மாற்றிவிடும். இதைப் பலர் செய்வதே இல்லை என்பது வியப்பாக இருக்கிறது.

சரிபார்ப்புக்கு ஓர் இடத்துக்கு 1.25 பேர் என்ற விகிதத்தில் அழைக்கிறார்கள். ஆகவே அழைப்பு வந்ததும் இனிப்பு வழங்கிவிட வேண்டாம். ஐவரில் ஒருவர் திரும்பிப் போக வேண்டியிருக்கும்.

தொடக்கநிலை:

இடைநிலை ஆசிரியர் ஊதியம் குறித்து ஒரு செய்தி கேள்விப்பட்டேன். 2009-க்குப் பின் பணியேற்றவர்களுக்குக் குறைவு என்கிறார்களே?

காத்திருப்பு2013:

ஆம். 2009 ஜூன் 1-க்கு முன் பணியேற்ற இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 8370 என்றும், அதற்குப் பின் வந்தவருக்கு 5200 என்றும் நிர்ணயித்ததிலிருந்து அந்தப் பிரச்சினை தொடர்கிறது. ‘சம வேலைக்குச் சம ஊதியம்’ என்று சென்னையில் நடக்கும் போராட்டங்கள் அதற்காகத்தான். ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின் இடைநிலை ஆசிரியருக்குத் தொடக்க அடிப்படை ஊதியம் 20600, பட்டதாரி ஆசிரியருக்கு 36400, முதுகலை ஆசிரியருக்கு 36900 ரூபாய். முதல் இரண்டுக்கும் உள்ள இடைவெளியையும் பின் இரண்டுக்கும் உள்ள இடைவெளியையும் நீங்களே ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இருந்தும் 2024-இல் முதலில் 1768 என்று அறிவித்துப் பின்னர் 2768 ஆக்கிய இடைநிலை ஆசிரியர் இடங்களுக்குப் போட்டி குறைவாக இருக்கவில்லை.

மரத்தடி:

இறுதியாக ஒரு கேள்வி. தனியார் பள்ளிப் பணியை விட்டுவிட்டு முழு நேரமாகப் படிக்கலாமா, அல்லது அருகிலுள்ள அரசுப் பள்ளியில் மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியராகச் சேரலாமா? அப்படிச் சேர்ந்தால் பின்னாளில் நிரந்தரமாக்குவார்கள் என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர், ‘வேண்டிய இடத்தில் பேசி முடித்துத் தருகிறேன்’ என்றும் சொல்கிறார்.

ஏட்டுச்சுவடி:

பேசி முடிப்பவரிடம் பேச்சே வேண்டாம். 2017-இல் நடந்த பாலிடெக்னிக் விரிவுரையாளர் தேர்வில் மதிப்பெண்ணைத் திருத்தியது வெளியே வந்ததும், ஒழுங்காக எழுதியவர்களுக்கும் சேர்த்துத் தேர்வே ரத்தானது.

தற்காலிகப் பணியில் 2022-இல் இடைநிலைக்கு 7500, பட்டதாரிக்கு 10000, முதுகலைக்கு 12000 என்று தொடங்கி, பின்னர் 12000, 15000, 18000 என்று உயர்த்தினார்கள். நிரந்தர ஆசிரியர் வரும் வரை மட்டுமே என்று தெளிவாகச் சொல்லித்தான் சேர்க்கிறார்கள். அதைக் காட்டி நிரந்தரம் கோர முடியாது. இருப்பினும், விடைத்தாள் கட்டுகளும் சிறப்பு வகுப்புகளும் மாலை ஆறு மணி வரை பிடித்து வைக்கும் தனியார் பள்ளியைவிட அங்கே படிக்க நேரம் கிடைக்கும் என்றால் மாறலாம். முழுவதும் விட்டுவிடுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். அறிவிப்பு தள்ளிப்போனால் மனம் சோர்ந்துவிடும்.

ஓய்வுத் தலைமையாசிரியர்:

ஏட்டுச்சுவடியுடன் உடன்படுகிறேன். ஊர் பற்றியும் இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள், அம்மா. காலியிடங்கள் பெரும்பாலும் கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை, விழுப்புரம், கள்ளக்குறிச்சி போன்ற வட மாவட்டங்களிலேயே இருக்கும்; தென் மாவட்டத்தவர் கலந்தாய்வில் தரவரிசைப்படி எஞ்சியிருக்கும் இடத்தைத்தான் எடுக்க வேண்டியிருக்கும். மாறுதல் கலந்தாய்வில் சொந்த மாவட்டம் கிடைக்க ஆண்டுகள் ஆகலாம். பணி ஆணை வந்த பிறகு, ‘இவ்வளவு தூரமா’ என்று வீட்டார் தடுத்ததால் சேராமல் விட்ட பெண்கள் உண்டு. பட்டத்துக்கான இணைத்தன்மை அரசாணை, தந்தை பெயரிலான சாதிச் சான்று, மாவட்டம் குறித்த வீட்டாரின் ஒப்புதல் ஆகிய மூன்றையும் இந்த மாதமே தொடங்குங்கள். அரசாணையில் உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயர் இல்லையென்றால் இங்கே தெரிவியுங்கள். விண்ணப்பக் கடிதத்தை எப்படி எழுதுவது என்று சொல்கிறேன்.